சுவரும் மூச்சுவிட வேண்டும்



கார்த்திகை மழை ஓய்ந்தபின் நம் ஜலகண்டாபுரத்தின் பழைய வீடுகளைச் சற்று உற்று நோக்குங்கள். செங்கல்லும் மண்சாந்தும் கொண்டு எழுப்பிய சுவரில் சிமெண்டு பூசியிருந்தால், அது உப்பிப் பாளமாகப் பெயர்ந்திருக்கக்கூடும். உறுதியான சிமெண்டு ஏன் பெயர்கிறது?

பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் அதை வெளியே விடும். சிமெண்டு அவ்வழியை அடைத்துவிடுகிறது. சுவர் சிறிது அசைந்தாலும் கடினமான அப்பூச்சு வெடிக்கிறது. வெடிப்பில் புகுந்த மழைநீர் உள்ளேயே தங்க, மண்சாந்து கரைகிறது. ஆகவே, பூச்சு சுவரைவிட மென்மையாய் இருத்தல் வேண்டும். இதுவே முதல் விதி.

இதற்கு ஏற்றது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு நீங்குகிறது. சுட்ட கல்லில் நீர் விட்டால் கொதித்து நீறுகிறது. சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று, மீண்டும் கல்லாகிறது.

எந்தச் சுவருக்கு எந்தக் கலவை?

1. தாழ்வாரத்தின் கீழ், சாரல் படாத சுவர்: சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு.

2. மழை நேரே அடிக்கும் சுவர்: சுண்ணாம்பு 1 பங்கு, சுர்க்கி 1 பங்கு, மணல் 2 பங்கு. சுர்க்கி என்பது செங்கல்லை இடித்துச் சலித்த தூள். அதிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு கூடி ஈரத்திலும் இறுகும். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலும் சுண்ணாம்பும் சுர்க்கியுமே பயன்பட்டன.

கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம்.

நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரங்கள் குழியில் ஊறவிட வேண்டும். நீறாத கட்டி இருந்தால் பூசியபின் சுவர் கொப்பளிக்கும். மணலில் உப்போ களிமண்ணோ இருக்கலாகாது. சுவரை நனைத்து, ஒரு பூச்சு அரை அங்குலத்திற்கு மிகாமல் பூசி, அது இறுகியபின் அடுத்ததைப் பூச வேண்டும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமேனும் வெயிலிலிருந்து காக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்பு நீறும்போது தெறித்தால் கண் பார்வையே போகலாம், சிறுவர் அருகில் நிற்கக் கூடாது.

நெசவாளர் வீட்டில் சுவர் ஈரமானால் தறிக்குழியும் ஈரமாகும். பாவு கெட்டால் பிழைப்பும் கெடும். ஆதலால் இது அழகைப் பற்றிய பேச்சன்று. வெள்ளையடித்த கல்லறைகளைக் குறித்து ஆண்டவர் எச்சரித்தது மனிதரைத்தான். ஆயினும் நம் சுவர்களுக்கும் அது பொருந்துமன்றோ? வெளியே பளபளப்பும் உள்ளே அழிவுமாய் நம் வீடுகள் ஆகாதிருக்கட்டும்.