எஸ்தர் வளர்ந்த கதை

நாய், பூனை, கிளி, புறா ஆகியவற்றை வீட்டில் வளர்ப்போர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். பன்றிக்குட்டியை மடியில் வைத்து வளர்ப்போரைக் கண்டவர் மிகச் சிலரே. பன்றி என்றவுடன் சேறும் சாக்கடையுமே நம் நினைவிற்கு வருகின்றன. பழந்தமிழர் கேழல், ஏனம் என அதற்கு அழகிய பெயர்கள் பல இட்டு வழங்கினர். நாய், புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்குரிய 'குருளை' என்னும் பெயரையே பன்றியின் இளமைக்கும் தொல்காப்பியர் மரபியலில் உரிமையாக்கினார். தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்கு இறைவனே தாய்ப்பன்றியாக வந்து பாலூட்டினான் என்று திருவிளையாடற் புராணம் கூறும். நாம் இங்குக் காணப்போவது புராணக் கதையன்று. கனடா நாட்டில் நம் காலத்தில் நிகழ்ந்த வரலாறு.

அந்நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜார்ஜ்டவுன் என்றோர் ஊர் உண்டு. 2012 ஆம் ஆண்டில் அவ்வூரில் வாழ்ந்த ஸ்டீவ் ஜென்கின்ஸ் என்பவருக்குப் பழைய அறிமுகம் உடைய ஒருவரிடமிருந்து செய்தி ஒன்று வந்தது. தம்மிடம் குறும்பன்றிக் குட்டி ஒன்று இருப்பதாகவும், அது முழுதும் வளர்ந்தாலும் 32 கிலோ அளவிலேயே நின்றுவிடும் என்றும், அதனை ஏற்றுக்கொள்ள இயலுமா என்றும் அவர் கேட்டிருந்தார். ஜென்கின்ஸ் இரக்கமனம் உடையவர். தம்முடன் வாழ்ந்த டெரிக் வால்டரிடம் ஒரு சொல்லும் கூறாமலே குட்டியை வீட்டிற்குக் கொண்டுவந்துவிட்டார். மாலையில் வீடு திரும்பிய வால்டர் பெருஞ்சினம் கொண்டார். நாய்களும் பூனைகளும் முன்பே நிறைந்திருந்த சிறிய வீடு அது. ஆயினும், அச்சிறு குட்டியின் முகத்தைக் கண்ட பின்னர் அவர் சினம் நெடுநாள் நிலைக்கவில்லை. குட்டிக்கு எஸ்தர் என்று பெயரிட்டனர்.

சில நாள்களில் அதனைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றனர். மருத்துவர் அதன் வாலை உற்று நோக்கினார். வாலின் நுனி வெட்டப்பட்டிருந்தது. இறைச்சிக்காகப் பெருந்தொகையாகப் பன்றி வளர்க்கும் பண்ணைகளில், நெருக்கத்தால் அவை ஒன்றன் வாலை ஒன்று கடித்துக் குதறாவண்ணம் இளமையிலேயே வாலை நறுக்கிவிடுவது வழக்கம். ஆகவே, இது குறும்பன்றி அன்று, பண்ணைப் பன்றியாகவே இருத்தல் கூடும் என்று அவர் ஐயுற்றார்.

இங்கே ஓர் உண்மையை அறிதல் வேண்டும். தேநீர்க் கிண்ணத்தில் அடங்கும் அளவிலேயே நின்றுவிடும் பன்றியினம் உலகில் எங்கும் இல்லை. சிற்றினம் எனப்படும் வியட்நாமியத் தொப்பைப் பன்றியும் 50 கிலோவிற்கு மேல் வளரக்கூடியதே. அதன் வளர்ச்சி நிறைவுறச் சில ஆண்டுகள் செல்லும். பன்றியோ பிறந்த சில திங்களிலேயே ஈனும் பருவத்தை எய்திவிடும். விற்போர் சிலர், இன்னும் வளர்ந்து முடியாத தாய்ப்பன்றியைக் காட்டி, "இதன் குட்டியும் இவ்வளவே இருக்கும்" என்று கூறி ஏமாற்றுகின்றனர். வளராமல் தடுக்க வேண்டும் என்று குட்டியை அரைவயிறாக வைத்திருக்கச் சொல்வாரும் உண்டு. இது கொடுமையிலும் கொடுமை.

இளங்குட்டியை வளர்ப்பதும் எளிய செயலன்று. பிறக்கும்போது ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எடையே உடைய பன்றிக்குட்டிக்கு உடலில் கொழுப்பு மிகக் குறைவு. மயிரும் அடர்த்தியாக இராது. அதனால் குளிரை அது தாங்காது. முதல் சில நாள்களில் அது படுக்கும் இடம் 32 பாகை செல்சியசு அளவிற்கேனும் வெம்மையாக இருத்தல் வேண்டும். தாய்ப்பாலில் இரும்புச் சத்து போதாமையால், வீட்டினுள்ளும் பண்ணையிலும் அடைத்து வளர்க்கப்படும் குட்டி சோகை நோய்க்கு ஆளாகும். மண்ணைக் கிளறித் திரியும் குட்டிக்கு அம்மண்ணிலிருந்தே சிறிது இரும்புச் சத்துக் கிடைத்துவிடுகிறது! வளர்ந்த பின்னரோ வெப்பமே பன்றிக்குப் பகை. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்றே சொல்லலாம். அது சேற்றில் புரள்வது அழுக்கின்மேல் கொண்ட ஆசையால் அன்று. குளிர்ச்சி நாடியே ஆகும். சேறு உலர்ந்து படிந்தால் வெண்ணிறத் தோல் வெயிலில் வெந்து போகாமலும் காக்கும். இடம் போதுமான அளவு இருந்தால், படுக்கும் இடத்தைப் பன்றி அசுத்தம் செய்வதில்லை. கழிவிற்கென ஒரு மூலையைத் தானே தேர்ந்துகொள்ளும்.

அதன் அறிவும் வியக்கத்தக்கது. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அறிஞர்கள் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளுக்கு ஐந்து மணி நேரம் கண்ணாடி ஒன்றைப் பழக்கினர். பின்னர்த் தடுப்பிற்குப் பின்னே உணவை மறைத்து, அது கண்ணாடியில் மட்டும் தெரியுமாறு வைத்தனர். எட்டுக் குட்டிகளுள் ஏழு, கண்ணாடியை நோக்கி ஓடாமல், திரும்பித் தடுப்பைச் சுற்றிச் சென்று உணவை அடைந்தன. இத்தகைய அறிவுடைய விலங்கை நான்கு சுவர்களுக்குள் வாளா அடைத்துவைத்தால் அது என் செய்யும்? மூக்கால் தரையைப் பெயர்க்கும், அலமாரியைத் திறக்கும், மெத்தையைக் கிழிக்கும்.

எஸ்தரும் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது. 32 கிலோவைக் கடந்தது; 100 கிலோவையும் கடந்தது; இறுதியில் ஏறத்தாழ 295 கிலோ ஆயிற்று! வீட்டுக் கூடத்தில் அது படுத்தால் மற்றையோர்க்கு நடக்க இடமில்லை. அவ்வூரில் வீட்டினுள் பன்றி வளர்த்தல் விதிக்கு மாறானது. ஆதலால் அதனை மறைத்து மறைத்தே வளர்க்க நேர்ந்தது. இன்னொருவரிடம் தள்ளிவிட்டால் தொல்லை தீர்ந்திருக்கும். ஆனால், பண்ணைப் பன்றி இறுதியில் எங்குப் போய்ச் சேரும் என்பதை இருவரும் நன்கு அறிவர். முன்பு பன்றி இறைச்சியை விரும்பி உண்டவர்களே அவ்விருவரும். எஸ்தரின் கண்களைக் கண்ட பிறகு அவர்களால் அதனை உண்ண இயலவில்லை. வேறு ஊனையும் விட்டொழித்தனர்.

எஸ்தரின் கதையை அவர்கள் படங்களுடன் வெளியிட, பல நாட்டு மக்களும் அதன்மேல் அன்பு கொண்டனர். 2014 ஆம் ஆண்டில் அம்மக்கள் சிறுகச் சிறுக அளித்த நன்கொடையைக் கொண்டு, காம்பெல்வில் என்னும் இடத்தில் 50 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. வீட்டை விற்றுவிட்டு இருவரும் எஸ்தருடன் அங்கே குடியேறினர். கைவிடப்பட்ட பிற பன்றிகளும் ஆடு மாடுகளும் அந்நிலத்தில் அடைக்கலம் புகுந்தன.

2018 ஆம் ஆண்டில் எஸ்தர் நோயுற்றது. அவ்வளவு பெரிய உடலை உள்ளுறப் படம்பிடித்து நோக்கவல்ல கருவி அருகில் எங்கும் இல்லை. மீண்டும் மக்களிடம் பொருள் திரட்டினர். அத்தகைய கருவியொன்று கெல்ப் நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வாங்கி அளிக்கப்பட்டது. எஸ்தருக்குப் புற்றுநோய் இருப்பது அறியப்பட்டு, அறுவை மருத்துவத்தால் அது பிழைத்தது. அதன் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்து, 2023 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் எஸ்தர் உயிர்நீத்தது.