சந்தா மென்பொருளும் அதன் இணைய வாயிலும்

மேட்டுப்பாளையத்து மண்டியில் உருளைக்கிழங்கு கொள்வோர், மூட்டையைப் பிரித்துக் கிழங்கைக் கையிலெடுத்துப் பார்த்த பின்னரே விலை பேசுவர். மென்பொருளைச் சந்தாவுக்கு விற்போரிடம் பிரித்துக் காட்ட மூட்டை யாதும் இல்லை. சரக்கு எங்கோ ஒரு கணிப்பொறியில் இருக்க, கொள்வோன் முதற்கண் காண்பது இணையதளம் ஒன்றையே. ஆதலின் அத்தளமே கடையும் கணக்குப்பிள்ளையுமாய் நிற்றல் வேண்டும். இத்தொழில் நமக்குத் தொலைவிலுள்ளதும் அன்று. 2011-இல் சரவணகுமார் என்பார் நிறுவிய கோவை.கோ, கோயம்புத்தூரிலும் இலண்டனிலும் இருந்து இவ்வணிகத்தை நடத்தி வருகின்றது.

ஒருமுறை விற்றுப் பணம் பெறுவோனுக்கு விற்றதோடு கவலை தீர்ந்தது. சந்தாவிலோ, கொண்டவன் திங்கள்தோறும் மனமுவந்து நிலைத்தாலன்றி, அவனைச் சேர்க்கச் செலவிட்ட பொருளும் திரும்பாது. ஆகவே தளத்தின் அழகினும் அதன் நேர்மையே பெரிதென்பது என் துணிபு. இப்பொருள் யாருக்கு உரியது, எவ்வேலையைச் செய்யும் என்பன முகப்பிலேயே இரண்டொரு வரிகளில் விளங்குதல் வேண்டும். ‘புரட்சிகரமான தீர்வு’ போன்ற ஆரவாரச் சொற்கள் எதனையும் விளக்கா.

இனி விலையைப் பற்றி. கொங்குநாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. ஒரு மாட்டை ஒருநாள் விற்பதற்கு அது பொருந்தலாம். அதன் சுவையும் வேறு. ஆனால் சிறு வணிகரிடத்தும் ‘விலையறிய எம்மை அணுகுக’ என்னும் தளம், துண்டு விரிக்கும் தரகரையே நினைவூட்டுகின்றது. பழைய தமிழ்ப் பத்திரிகைகள் உள்நாடு, வெளிநாடு எனப் பிரித்துச் சந்தாத் தொகையை வெளிப்பட அச்சிட்டன அன்றோ? 2010-இல் சென்டெஸ்க் என்னும் நிறுவனம் தன் கட்டணத்தை உயர்த்தவே, வாடிக்கையாளர் பலர் வெகுண்டனர். அச்செய்தியைப் படித்த கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமியுடன் அவ்வாண்டே சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அதுவே ஃபிரெஷ்வொர்க்ஸ் என்னும் பெயருடன் 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது.

சிலநாள் இலவசமாய்ப் பயன்படுத்த விடுதலே மூட்டையைப் பிரித்துக் காட்டுதலாகும். அப்பொழுதே வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டல் தகாது. 2023 நவம்பர் 30-ஆம் நாள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைச் சுட்டின. அவற்றுள் ஒன்று சந்தாப் பொறி. இலவசச் சந்தாவுக்கும் பணம் செலுத்தும் விவரங்களை வற்புறுத்திப் பெறுதலும், சந்தாவை நிறுத்தும் வழியை மறைத்தலும் அதன்பாற்படும். எனினும், சேர்வதற்கு ஒரு பொத்தானும் நீங்குவதற்கு ஏழு பக்கங்களும் அமைக்கும் தளங்கள் இன்னும் உள. அவற்றை அமைப்போர் கணக்கில் பிழைபடுகின்றனர். கிழங்கு வரத்து மிகும் திங்கள்களில் மட்டும் கணக்கு மென்பொருள் வேண்டும் மண்டிக்காரர், எளிதில் நீங்க முடிந்த தளத்துக்கே மறு ஆண்டும் வருவார்.