கரிசல் வேனிலில் பூத் தேர்தல்

காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் விரியும் மானாவாரி நிலம், அதாவது மழையை மட்டும் நம்பி உழப்படும் நிலம், சித்திரை பிறக்கையில் வெடித்துக் காய்ந்து கிடந்தாலும் பூவற்றுப் போவதில்லை. வேம்பும் வாகையும் சரக்கொன்றையும் வெயில் ஏற ஏறப் பூக்க, கிணற்றுப் பாசனமுள்ள கொல்லைகளில் மல்லிகை அரும்பு கட்டுகிறது. இந்நாட்டில் ஒரு நிகழ்வுக்கோ ஒருவருக்கோ பூத் தேர்பவர், நிறத்தையும் மணத்தையும் பார்க்குமுன் அச்செடி வெயிலில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு பூ வளர்த்துப் பழகியோரின் அனுபவம். பூவின் பொருளைக் காண இரு வழிகள் உண்டு. 1819இல் பாரிசில் சார்லோத் த லத்தூர் என்ற புனைபெயரில் வெளிவந்த ‘பூக்களின் மொழி’ என்னும் நூல் பூக்களின் பொருளை அகராதிபோல் நிறுத்திக் காட்டியது. தமிழ் மரபோ பூவை நிலத்தோடும் பொழுதோடும் மனித ஒழுக்கத்தோடும் பிணைத்துத் திணை எனப் பகுத்தது. வேனிலைப் புரிந்துகொள்ள இரண்டாவதே உதவும்.

வாகையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். வேனிலும் நண்பகலும் பாலைத் திணைக்குரிய பொழுதுகள். அந்தப் பாலைக்குப் புறத்திணையாக, அதாவது போரும் பொதுவாழ்வும் பற்றிய ஒழுக்கமாக, தொல்காப்பியம் வைத்திருப்பது வாகையை. போரில் வென்றவன் சூடும் பூ என்பதோடு அதன் பொருள் நின்றுவிடவில்லை. அவரவர் தத்தம் தொழிலில் மேம்பட்டு விளங்குவதும் வாகையே என்று அந்நூல் விரிக்கிறது. ஆகவே தேர்வில் தேறிய பிள்ளைக்கும், நெடுநாள் உழைத்து ஓய்வு பெறுபவருக்கும் இதைவிடப் பொருத்தமான பூ வேறில்லை. ஆயினும் இதை மாலையாகக் கட்ட நினைப்பது வீண். பூவெனக் கண்ணில் படுவது இதழன்று, வெளிர்பச்சையும் மஞ்சளும் கலந்த மெல்லிய மகரந்தத் தாள்களின் கொத்து. பறித்துச் சற்று நேரத்துக்குள் அது துவண்டு நாராகிவிடும். வாகை கொடுக்க விரும்புவோர் கன்றாகக் கொடுப்பதே சரி. தடித்த தோலுடைய அதன் விதையை, கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓரிரவு ஊறவிட்டு விதைத்தால் எளிதில் முளைக்கும்.

சேரர்க்குப் பனம்பூ, சோழர்க்கு ஆத்தி என்றிருந்த காலத்தில் பாண்டியர் அடையாளமாகச் சூடியது வேம்பு. எனவே பாண்டிநாடான இம்மண்ணுக்கு அது அரசமரபின் பூ. சித்திரை முதல்நாள் பச்சடியில் வெல்லத்தோடும் மாங்காயோடும் அது சேர்வது, வரும் ஆண்டின் கசப்பையும் முகம் சுளிக்காமல் ஏற்பதற்கு. புதுமனை புகுவோர்க்கும், உள்ளதைக் கசந்தாலும் சொல்லிவிட்டுப் பின் உடன்நின்று தாங்கும் இயல்பினர்க்கும் வேப்பம்பூ உரியது. விடியுமுன் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்து, காற்று எழுவதற்குள் சுருட்டி எடுத்து, காம்பும் தூசியும் புடைத்து நீக்கி நிழலில் உலர்த்தினால், சிறு பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கலாம்; ஆண்டு முழுதும் ரசத்துக்கு ஆகும் பரிசு அது.

ஆவாரையின் பொருள் காலந்தோறும் மாறி வந்தது குறிப்பிடத்தக்கது. காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையேறி ஊரறியத் தன் காதலைச் சொல்வது மடலேறுதல். அப்போது அவன் சூடுவனவற்றுள் எருக்கோடு ஆவாரையும் ஒன்று. இன்றோ அதே பூ பொங்கலையொட்டி வேப்பிலையோடும் சிறுபீளையோடும் வீட்டுக்குக் காப்பாகக் கட்டப்படுகிறது. யாரும் நீரூற்றாமல் புறம்போக்கில் பூத்து நிற்கும் அதன் பிடிவாதத்தை இரண்டு பொருளிலும் காணலாம்.

கொன்றையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சங்கப் பாடல்களில் அது, பிரிந்த தலைவன் திரும்புவதாகச் சொன்ன கார்காலத்தின் அடையாளம். பருவமல்லாத மழையைக் காரென நம்பிப் பூத்த பேதை மரம் என்று தோழி அதைப் பழிப்பது குறுந்தொகையில் உண்டு. சரக்கொன்றை சித்திரையிலேயே பொன்சரமாகத் தொங்குவதால், காத்திருப்போர்க்கு இதைக் கொடுப்பவர் அக்கதையையும் சொல்லிக் கொடுப்பது நன்று. சிவனுக்குரிய பூவாதலால், சுந்தரர் பாடிய திருச்சுழிக் கோயிலுக்குச் செல்வோர் இதை எடுத்துச் செல்லலாம்; சரத்தை ஒடித்தால் இதழ் விரைவில் கொட்டுமாகையால் உதிரிப்பூவாகக் கூடையில் ஏந்துவதே எளிது.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகை, வறட்சியின் பிள்ளையன்று. குளிர்காலத்தில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, எருவும் நீரும் தந்து, மொட்டுப்புழுவிலிருந்து காத்தால்தான் பங்குனி முதல் கொட்டிப் பூக்கும். அதனால் அதை அழகின் பூ என்பதைவிடப் பராமரிப்பின் பூ என்பதே தகும். விடியலில் பறித்த அரும்பு மாலையில்தான் மலரும். முகூர்த்தம் காலையிலா, வரவேற்பு இரவிலா என்று கேட்டறியாமல் மல்லிகை வாங்குவோர் மணத்தைத் தவறவிடுவர்.

செவ்வரளி வெயிலுக்கு அஞ்சாதது. அம்மனுக்கும் முருகனுக்கும் உகந்தது. உறுதியின் அடையாளமாகக் கொள்ளத்தக்கது. ஆனால் அதன் இலை, பூ, பட்டை, வேர் யாவும் நஞ்சாகையால், குழந்தைகள் விளையாடும் முற்றத்திலும் ஆடுமாடு கட்டும் இடத்திலும் நடலாகாது. வாடிய அரளி மாலையைக் கழுநீர்த் தொட்டியருகிலோ தொழுவத்திலோ எறியாமல் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டும்.