புகையின் நிறம் என்ன சொல்கிறது?

ஆழ்வார்திருநகரி வழியாகத் திருச்செந்தூர் செல்லும் சாலையின் ஓரத்தில் காலை வேளையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். புதிய வண்டிகள் அதிகச் சத்தமின்றிப் போய்விடும். நடுநடுவே மீன் கூடையோ வாழைத்தாரோ ஏற்றிக்கொண்டு, பல ஆண்டு உழைத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று விக்கி விக்கிப் புகை கக்கிக்கொண்டு வரும். அந்தப் புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா என்று என்றாவது கவனித்தீர்களா? மூன்று நிறங்களும் மூன்று வெவ்வேறு பொருள்களின் அடையாளம். அதைப் பார்க்காமல் எஞ்சினைப் பிரித்துப் போட்டால், ஒரு துணியும் ஒரு திருப்புளியும் கொண்டு முடிக்க வேண்டிய வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அது சிறிய தொகை அன்று.

2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பின் வந்த வண்டிகளில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வேலையைப் பெரும்பாலும் ஒரு சிறு கணிப்பொறி பார்த்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய வண்டிகளில் அந்த வேலை கார்புரேட்டருக்கு உரியது.

கொசுமருந்து அடிக்கும் பழைய கைப்பம்பை நீங்கள் பார்த்திருக்கலாம். குழாயின் வாயில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே உள்ள மருந்து மேலேறிச் சிதறுகிறது. கார்புரேட்டரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற இந்த உண்மையை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைகிறது. ஜெட் எனப்படும் பித்தளைத் துளை வழியே பெட்ரோல் எழும்பிக் காற்றோடு கலக்கிறது. கீழே உள்ள சிறு கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து எழுந்து குழாயை அடைக்கிறதல்லவா, அதே ஏற்பாடுதான்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 15 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். ஒரு லிட்டர் காற்றோ சுமார் 1.2 கிராம்தான். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று தேவை! எஞ்சின் பெட்ரோலைக் குடிப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அது குடிப்பது காற்றையே.

இந்தக் காற்று குறைந்துபோனால் கரி முழுவதும் எரியாமல் நுண்துகளாக வெளியேறுகிறது. அதுவே கறுப்புப் புகை. பிளக்கைக் கழற்றினால் அதன் முனையில் விளக்குக் கரி போல உலர்ந்த கறுப்புப் படிந்திருக்கும். உடனே கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம். முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். தேரிக்காட்டுச் செம்மண் பறக்கும் இந்தப் பக்கத்தில் அது விரைவில் அடைபடும். அடுத்து, காலையில் இழுத்த சோக் இழுத்தபடியே இருக்கிறதா? இரண்டும் சரியென்றால்தான் மிதவையின் ஊசி தேய்ந்து பெட்ரோல் மிகுதியாகக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: காற்றுக் குறைவாக எரியும்போது கார்பன் மோனாக்சைடும் மிகுதியாக வரும். நிறமும் மணமும் இல்லாத அந்த நச்சு வாயு உயிரைப் போக்கவல்லது. மூடிய அறையில் வண்டியை ஓடவிட்டுச் சோதிப்பது கூடவே கூடாது.

காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் புகை தெரியாது. எஞ்சின் தடுமாறும், நின்று நின்று போகும், பிளக் முனை வெளுத்திருக்கும். கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் வெடித்துக் காற்று திருட்டுத்தனமாக நுழைந்திருக்கலாம். ஜெட்டின் துளையில் தூசி அடைத்திருக்கலாம். துளையை ஊசியால் குத்துவது நம் ஊர்களில் வழக்கம். எனக்கு அது சற்றும் பிடிப்பதில்லை. 0.5 மில்லிமீட்டர் துளை 0.55 ஆக விரிந்ததென்று கொள்ளுங்கள். பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே பெட்ரோல் செல்லும் வழி 21 சதவீதம் பெருகிவிடும். இனி அந்த வண்டி கறுப்புப் புகைதான் விடும்! காற்றை ஊதித் துளையைத் திறப்பதே முறை.

நீலப் புகை எண்ணெய் எரிவதால் வருவது. ஓசூரில் தயாராகி 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்தே ஊற்ற வேண்டும். எனவே மெல்லிய நீலம் அவற்றின் இயல்பு. அளவின்றி எண்ணெய் ஊற்றினால் புகை திரளும். நான்கு ஸ்ட்ரோக் வண்டி நீலமாகப் புகைந்தால் விஷயம் வேறு. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் புகை வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். பாலத்திலிருந்து முறுக்கைத் தளர்த்தி இறங்கி, மீண்டும் முறுக்கும்போது மட்டும் குப்பென்று வந்தால், வால்வுத் தண்டின் ரப்பர் சீல்மீது ஐயம் கொள்ள வேண்டும். முன்னது பெரிய செலவு. பின்னது அவ்வளவு இல்லை.

இனி வெள்ளை. குளிர்ந்த காலையில் சைலன்ஸரிலிருந்து சிறிது வெள்ளையாக வந்தால் அஞ்ச வேண்டாம். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது! இந்த நீராவி சற்றுத் தூரத்திலேயே மறையும். எண்ணெய்ப் புகை அப்படி மறையாது. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால்? காரில் என்றால் குளிர்விக்கும் நீர் கசிந்து எஞ்சினுக்குள் வரலாம். நம் பழைய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் காற்றினால் குளிர்பவை. ஆகவே தண்ணீர் வெளியிலிருந்துதான் நுழைந்திருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த வட்டாரத்தில் நடந்தது அதுதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் பகுதிகளைச் சூழ்ந்தது. வீட்டு வாசலில் நின்ற வண்டிகளும் மூழ்கின.

மூழ்கிய வண்டியை வெளியே எடுத்ததும் கிக்கரை உதைத்துப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. அழுத்த விகிதம் 9 உள்ள 100 சி.சி. எஞ்சினில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சியிருக்கும் இடம் 12.5 கன சென்டிமீட்டர், அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. இரண்டரைத் தேக்கரண்டிக்கு மேல் நீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர இயலாது. பலமாக உதைத்தாலோ, தள்ளி ஓடவிட்டாலோ, பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துபோகும்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக்கரை அழுத்தினால் நீர் அந்தத் துளை வழியே பீறிட்டு வெளிவரும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதிலும் நீர் புகுந்துவிட்டது என்று பொருள், மாற்றாமல் ஓட்டக்கூடாது. வடிகட்டியைக் காய வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி உள்ளிருப்பதை வடிக்க வேண்டும். சாதாரணப் பெட்ரோலில் புகுந்த நீர் அடியில் தங்கும். இப்போது கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் முதலில் சிறிதளவு நீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மிஞ்சியதும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். தொட்டியின் குழாய் அடியில் இருப்பதால் கார்புரேட்டருக்கு முதலில் போய்ச் சேருவது அந்தக் கலவையே. அது கிண்ணத்தில் நாள்கணக்கில் நின்றால் அலுமினியம், துத்தநாகப் பாகங்கள் அரித்து வெண்பொடி பூத்து, ஜெட்டை அடைத்துவிடும். தொட்டியிலிருந்து வடித்த பெட்ரோலை மெக்கானிக் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால், அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில் தள்ளி நின்று பாருங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அடுக்குகள் பிரிந்து தெரிந்தால், தொட்டியை முழுவதுமாக வடித்தாக வேண்டும்.