பழைய மடிக்கணினியின் உறுப்புகளை வீட்டிலேயே புதுப்பித்தல்

களப் பணியாளர்களின் அளவீட்டுக் குறிப்புகளும் ஆசிரியர்களின் பாடக் குறிப்புகளும் இந்நாளில் பெரும்பாலும் மடிக்கணினியிலேயே சேர்த்து வைக்கப்படுகின்றன. எட்டு அல்லது பத்து ஆண்டுகள் உழைத்த கருவி மந்தமடைந்தால், அதனை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்று வாங்குவதே வழியெனப் பலர் கருதுகின்றனர். பல நேரங்களில் இக்கருத்து பொருந்துவதன்று. மந்தத்திற்குக் காரணமான உறுப்பு ஒன்றோ இரண்டோதான். அவற்றை மட்டும் மாற்றினால் கருவி மேலும் சில ஆண்டுகள் பயன்படக்கூடும். எந்த உறுப்பை, எவ்வாறு, எத்தகைய எச்சரிக்கையுடன் மாற்றுவது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. நீர்த்தேக்கங்களின் உவமை

புனே நகருக்கு அண்மையில், முட்டா ஆற்றின் குறுக்கே கடக்வாஸ்லா அணை அமைந்துள்ளது. இதன் பயன்படு கொள்ளளவு 1.97 டி.எம்.சி. மட்டுமே. இதற்கு மேற்புறத்தில் பான்ஷேத் (10.65 டி.எம்.சி.), வரஸ்காவ் (12.82 டி.எம்.சி.), தேம்கர் (3.71 டி.எம்.சி.) ஆகிய மூன்று தேக்கங்கள் உள்ளன. பெருமளவு நீர் மேலணைகளில் தங்கியிருக்கிறது. எனினும் அது கடக்வாஸ்லாவுக்கு வந்து சேர்ந்த பின்னரே கால்வாய்க்கும் நகருக்கும் செல்கிறது.

மடிக்கணினியின் அமைப்பும் இதனையொத்ததே. வன்தட்டு என்னும் ஹார்ட் டிஸ்க், தொலைவிலுள்ள பெருந்தேக்கம் போன்றது. ராம் எனப்படும் நினைவகம், அண்மையிலுள்ள சிறு தேக்கம் போன்றது. செயலி தன் வேலைக்கு வேண்டியதை நினைவகத்திலிருந்தே பெறுகிறது; அங்கே இல்லாததை வன்தட்டிலிருந்து வரவழைக்க வேண்டியுள்ளது. உவமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. நினைவகம் நிரம்பிவிட்டால், கணினி அதிலுள்ளவற்றில் ஒரு பகுதியை மீண்டும் வன்தட்டுக்கே அனுப்பி வைக்கும். ஆற்று நீர் இவ்வாறு மேல்நோக்கிச் செல்வதில்லை. இப்போக்குவரத்து மிகும்போதுதான் கருவி திணறுகிறது.

இரண்டிற்கும் இடையிலுள்ள வேக வேறுபாடு பெரிது. பழைய மடிக்கணினிகளின் வன்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி வினாடி ஆகும். வேண்டிய இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி வினாடி தேவை. முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 15 மில்லி வினாடி எனலாம். நினைவகமோ ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் விடை தருகிறது. ஆகவே வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மடங்கு. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்ம நிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அது ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் விடை தரவல்லது. வன்தட்டை எடுத்துவிட்டு இதனைப் பொருத்தியவுடன் பழைய கருவி விரைவு பெறுவதன் காரணம் இதுவே.

2. முதலில் குறையை அறிதல்

கடக்வாஸ்லாவிலுள்ள மத்திய நீர் மற்றும் மின்சக்தி ஆராய்ச்சி நிலையம், 1916-ஆம் ஆண்டில் தோன்றிய நிறுவனத்தின் வளர்ச்சியாகும். அணை, துறைமுகம் முதலியவற்றின் சிறு மாதிரிகளை அமைத்து, நீரின் போக்கை அளந்தறிவது அங்கு நடைபெறும் முக்கியப் பணிகளுள் ஒன்று. அளந்த பின்னரே செலவு செய்தல் என்னும் இந்நெறி வீட்டுக் கணினிக்கும் பொருந்தும்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமான வேலைகளைச் செய்தவாறே அரை மணி நேரம் கவனிக்க வேண்டும். வட்டின் பயன்பாடு நெடுநேரம் 100 விழுக்காட்டில் நின்றால் எஸ்.எஸ்.டி. தேவை. நினைவகம் எப்பொழுதும் 90 விழுக்காட்டை ஒட்டியிருந்தால் நினைவகத்தைக் கூட்ட வேண்டும். செயலி மட்டுமே முழுச் சுமையில் இருந்தால், உறுப்பு மாற்றத்தால் பெரும்பயன் விளையாது. பெரும்பாலான மடிக்கணினிகளில் செயலி தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருக்கும். விசிறியில் அடைந்த தூசியை நீக்கினால், வெப்பத்தால் குறைந்த வேகம் மீளக்கூடும்.

3. பொருத்தமான உறுப்பைத் தெரிந்தெடுத்தல்

நினைவகப் பலகைகள் ஒன்றற்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்கவை அல்ல. மடிக்கணினிக்குரிய டி.டி.ஆர்.3 வகையில் 204 தொடுமுனைகளும், டி.டி.ஆர்.4 வகையில் 260 தொடுமுனைகளும் உள்ளன. டி.டி.ஆர்.3 வகையிலேயே 1.5 வோல்ட்டில் இயங்குவதும், 1.35 வோல்ட்டில் இயங்கும் டி.டி.ஆர்.3எல் என்பதும் உண்டு. கருவியின் கையேட்டைப் பார்த்தோ, உள்ளே இருக்கும் பலகையின் ஒட்டுச்சீட்டைப் படித்தோ வகையை உறுதி செய்தல் வேண்டும். சில கருவிகளில் நினைவகமும் பற்றவைக்கப்பட்டிருப்பதால் கூட்ட இயலாது. 32 பிட் இயக்க முறைமை நேரடியாகச் சுட்டக்கூடிய முகவரி எல்லை பொதுவாக 4 ஜி.பி. ஆதலால், அதற்கு மேல் நினைவகம் சேர்ப்போர் 64 பிட் முறைமைக்கு மாற வேண்டும்.

வன்தட்டுக்கு மாற்றாகப் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா வகை எஸ்.எஸ்.டி. பொருந்தும். அதன் தடிப்பு பொதுவாக 7 மில்லிமீட்டர்.

4. தரவைக் காத்தல்

1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், கட்டுமானத்திலிருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அவ்வெள்ளத்தால் கடக்வாஸ்லா அணையும் உடைந்து, புனே நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. அதன்பின் அந்நகரமே குடிநீருக்கும் இடர்ப்பட்டது. சேமிப்பு ஒன்றையே நம்பியிருப்பதன் இடர் இத்தகையது. பல பருவங்களின் மழையளவுப் பதிவோ, மாணவர்களின் மதிப்பெண் பதிவோ அழிந்துபோனால் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. எனவே கருவியைத் திறப்பதற்கு முன், தேவையான கோப்புகள் அனைத்தையும் வெளி வட்டொன்றில் படியெடுத்து, அப்படியை வேறொரு கணினியில் திறந்து சரிபார்த்தல் இன்றியமையாதது. சரிபார்க்கப்படாத படியைக் காப்பு எனக் கொள்ளலாகாது.

5. செய்முறை

(அ) கருவியை முழுவதுமாக நிறுத்தி, மின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பேட்டரி வெளியே எடுக்கத்தக்கதாயின் எடுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பின், மூடியைத் திறந்தவுடன் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்ற வேண்டும்.

(ஆ) உடலிலுள்ள நிலைமின்சாரம் நுண்சில்லுகளைக் கெடுக்கும். மனிதர் உணர முடியாத அளவிலுள்ள மின்னழுத்தமும் இதற்குப் போதும். ஆகவே புவியுடன் இணைந்த உலோகப் பொருளொன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கம்பளியின் மீதோ மெத்தையின் மீதோ வைத்து வேலை செய்யலாகாது.

(இ) திருகாணிகள் நீளத்தில் வேறுபடும். கருவியின் படத்தைத் தாளில் வரைந்து, அந்தந்த இடத்தில் அவற்றை ஒட்டி வைத்தால் மாறிப்போகா.

(ஈ) நினைவகப் பலகையின் வெட்டையும் பொருத்துவாயின் மேட்டையும் நேர்ப்படுத்திச் சாய்வாகச் செருகி, இருபுறக் கொக்கிகளும் பற்றும் வரை கீழே அழுத்த வேண்டும். வெட்டு நேர்ப்படாவிடின் வகை தவறு எனக் கொள்க, வலிந்து அழுத்தலாகாது.

(உ) பழைய வட்டை எடுத்து, அதன் சட்டத்தை எஸ்.எஸ்.டி.யில் பூட்டி, இணைப்பில் நேராகத் தள்ள வேண்டும். பின்னர் இயக்க முறைமையைப் புதிதாக நிறுவலாம்; அல்லது பழைய வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் முன்னதாகவே இதில் படியெடுத்து வைக்கலாம்.

பேட்டரி உப்பியிருந்தால் அக்கருவியை உடனே நிறுத்த வேண்டும். லித்தியம் அயனி மின்கலத்தைக் குத்துதலும் வளைத்தலும் நெருப்பை விளைவிக்கும். இவ்வேலையைத் தேர்ந்த பணியாளரிடமே விட வேண்டும்.

6. புதுப்பித்தலின் எல்லை

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11-க்குக் குறிப்பிட்ட செயலி வகைகளும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் தேவை. நினைவகத்தைக் கூட்டுவதால் இத்தகுதி வாராது. அத்தகைய கருவிகளில் லினக்ஸ் முறைமையொன்றை நிறுவுவது தக்க வழியாகும். திரை, தாய்ப்பலகை, பேட்டரி மூன்றும் ஒருங்கே பழுதுற்ற கருவிக்குச் செலவு செய்வது அறிவுடைமையன்று.

கழற்றிய உறுப்புகளைக் குப்பையில் எறியலாகாது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கழிவு சேர வேண்டும் என்பதே அவற்றின் கருத்து. பழைய வன்தட்டைக் கொடுப்பதற்கு முன் அதிலுள்ள தரவை முற்றிலும் அழித்துவிட வேண்டும்.

மாணவர்க்கான வினாக்கள்

1. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டில் அரைச் சுற்றுக்கு எத்தனை மில்லி வினாடி ஆகும்?

2. நினைவகம் போதியதாக இருந்தும் கணினி மந்தமாயிருப்பின், அடுத்து எதனைச் சோதிக்க வேண்டும்? ஏன்?

3. கடக்வாஸ்லா அணையின் கொள்ளளவை மேலணைகள் மூன்றின் மொத்தக் கொள்ளளவுடன் ஒப்பிடுக. தங்கள் பள்ளிக் கணினியின் நினைவகத்திற்கும் வட்டுக்கும் உள்ள விகிதத்தையும் அவ்வாறே கணக்கிடுக.