ஈரிலக்க ஆண்டும் திருத்தும் கருவியும்

நம் ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையின் பேரேட்டில் ‘99’ என்றிருப்பின், அஃது ஆண்டோ, பெட்டிக் கணக்கோ என்பதை எழுதிய கணக்கர் அறிவார், இயந்திரம் அறியாது. 2000-ஆம் ஆண்டு நெருங்கியகாலை உலகெங்கும் இவ்விடரே நேர்ந்தது. நினைவகம் அருமையாயிருந்த நாளில் எழுதிய கணினி நிரல்கள் ஆண்டை ஈரிலக்கத்தாற் குறித்திருந்தன. ‘00’-இல் ‘99’-ஐக் கழிப்பின், ஓராண்டுக் கடன் தொண்ணூற்றொன்பது ஆண்டு பின்னோக்கிவிடும். கோடிக்கணக்கான வரிகளைக் கையால் திருத்தல் யார்க்கு இயலும்? டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தார் இதனைத் தொழிற்சாலை முறையில் வகுத்துக் கருவிகளும் இயற்றினர். தேதியென்று அறிந்த ஓரிடத்தினின்று புறப்பட்டு, அம்மதிப்பு சென்று சேரும் இடங்களையெல்லாம் தொடர்ந்து காட்டுவது இவ்வகைக் கருவியின் தொழில். ஆயினும் இதனை யாம் மந்திரமெனக் கொள்ளோம். முடிவு குறிக்கப்படாத கணக்கிற்கும் ‘99’ என்றே எழுதிய நிரலர் உளர். கருவி அதனை 1999 ஆக்கிவிடின் கணக்கே முடிந்துபோம்! ஆகலின், 1999 வரையுள்ள கணக்குகட்குப் பழைய நிரலும் புதியதும் ஒரே விடை தருகின்றனவா என்று ஒத்துப்பார்த்த பின்னரே திருத்தத்தை ஏற்பது முறையாயிற்று.