நாட்காட்டி அட்டவணையும் மழைப் பதிவேடும்

மழைமானியை நாள்தோறும் கவனித்துப் பதிவு செய்யும் முறை நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இந்திய நேரப்படி காலை 8.30 மணிக்கு மழைமானியிலுள்ள நீரை அளந்து, முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழையை அன்றைய தேதியில் எழுதுவது வழக்கம். மாதப் படிவத்தில் 1 முதல் 31 வரை தேதிகள் முன்னதாகவே அச்சிடப்பட்டிருக்கும். கவனிப்பவர் ஒரு நாள் தவறிவிட்டால் அந்தத் தேதிக்கு எதிரேயுள்ள கட்டம் வெற்றிடமாக நிற்கும். மேலதிகாரி படிவத்தைக் கையில் எடுத்தவுடனே அந்த வெற்றிடம் அவர் கண்ணில் படும். அச்சிட்ட தேதிகள் செய்துவந்த இந்தச் சிறு தொண்டின் அருமை, படிவம் கணிப்பொறிக்கு மாறிய பிறகே நமக்குப் புலனாகிறது.

கணிப்பொறியில் மழைப் பதிவுகளை ஏற்றும்போது, எழுதப்பட்ட நாள்கள் மட்டுமே வரிசைகளாக அமைகின்றன. எழுதப்படாத நாளுக்கு வரிசையே இராது. ஜூலை 9-ஆம் தேதிக்கு அடுத்த வரிசையில் ஜூலை 16 வந்து நிற்கும். இடையில் ஆறு நாள்கள் மறைந்து போயின என்பதைக் காட்ட அங்கே ஒன்றுமில்லை. புள்ளிவிவரங்களை வரைபடங்களாக்கும் மென்பொருள்கள் தமக்குக் கொடுத்ததை மட்டுமே வரையும். 2015-ஆம் ஆண்டு முதல் பொது உபயோகத்திற்கு வந்துள்ள பவர் பிஐ என்னும் மென்பொருளும் அத்தகையதே. 9-ஆம் தேதிப் புள்ளியையும் 16-ஆம் தேதிப் புள்ளியையும் ஒரு கோட்டால் அழகாக இணைத்துவிடும். பார்ப்பவர் அந்த வாரம் முழுதும் மழை படிப்படியாகக் குறைந்தது என்று எண்ணிக்கொள்வார். (நாள் மழைக்குக் கோட்டு வரைபடமே பொருத்தமற்றது; பட்டை வரைபடமே ஏற்றது. ஆயினும் கோட்டு வரைபடம் வரைபவர்கள் பலர்.)

இக்குறையை நீக்குவதே நாட்காட்டி அட்டவணையின் முதல் வேலை. இது ஒரு நாளுக்கு ஒரு வரிசை வீதம், இடைவிடாமல் எழுதப்பட்ட தேதிகளின் அட்டவணை ஆகும். முதல் பத்தியில் தேதி. அடுத்த பத்திகளில் ஆண்டு, மாதம், வாரம், பருவம், நிதியாண்டு முதலியன. 2015 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரையிலான பத்தாண்டுகளுக்கு 3,653 வரிசைகளே ஆகும். கணிப்பொறிக்கு இது ஒரு பொருட்டன்று. இந்த அட்டவணையின் தேதிப் பத்தியை மழைப் பதிவின் தேதிப் பத்தியோடு தொடர்புபடுத்த வேண்டும். நாட்காட்டியில் ஒரு தேதி ஒரே முறைதான் வரும். மழைப் பதிவிலோ நிலையங்கள் எத்தனையோ அத்தனை முறை வரலாம். ஆகவே இது ஒன்றுக்குப் பல என்னும் வகையான தொடர்பு. அச்சிட்ட தேதிகளை மறுபடியும் படிவத்தில் கொண்டுவந்து சேர்த்தது போலாகும்.

இதனால் விளையும் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். எண்கள் பாடத்திற்காக அமைத்தவை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை 122 நாள்கள். ஒரு நிலையத்தின் பதிவில் 47 நாள்களில் மழையளவும், 61 நாள்களில் சுழியும் எழுதப்பட்டுள்ளன. 14 நாள்களுக்குப் பதிவே இல்லை. எழுதப்பட்ட மழையின் கூட்டுத்தொகை 564 மி.மீ. நாள் சராசரி என்ன? மழை பெய்த நாள்களால் வகுத்தால் 12.0 மி.மீ.; பதிவுள்ள 108 நாள்களால் வகுத்தால் 5.2, பருவத்தின் 122 நாள்களாலும் வகுத்தால் 4.6. மூன்றும் கணக்கில் பிழையற்றவையே. எதை எதனால் வகுத்தோம் என்பதை அறியாமல் இவற்றுள் எதையும் அறிக்கையில் எழுதுதல் தகாது.

அந்நிலையத்தின் பருவ இயல்பு மழை 720 மி.மீ. என்று கொள்வோம். 564 என்பது அதைவிட 21.7 விழுக்காடு குறைவு. வானிலைத் துறையின் வகைப்பாட்டில், இயல்பிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பான மழை எனப்படும். 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் குறைவான மழை. ஆகவே இந்நிலையம் குறைவான மழை பெற்றதாகக் கணக்காகிறது. இப்பொழுது விடுபட்ட 14 நாள்களுக்குரிய இயல்பு மழை 90 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பதிவுள்ள நாள்களின் மழையை அதே நாள்களின் இயல்போடு, அதாவது 630 மி.மீட்டரோடு, ஒப்பிட்டால் குறைவு 10.5 விழுக்காடே. அது இயல்பான மழை என்னும் வகையில் வந்துவிடுகிறது! வறட்சி நிவாரணம், மாற்றுப் பயிர்க்கான விதை, கால்நடைத் தீவனம் ஆகியவற்றைப் பற்றி முடிவு செய்வோர் மேசைக்கு இந்த எண் செல்லுமாயின், பதினான்கு வெற்றுக் கட்டங்கள் ஒரு வட்டத்தின் நிலையையே மாற்றிக் கூறிவிடும். எந்த விடை சரி என்று நாட்காட்டி அட்டவணை தீர்ப்புச் சொல்லாது. அந்த 14 நாள்களில் பெருமழை பெய்திருக்கலாம், பெய்யாமலும் இருந்திருக்கலாம். அருகிலுள்ள நிலையங்களைப் பார்த்தே அதை ஆராய வேண்டும். ஆனால் ஆராய வேண்டிய நாள்கள் இவையென்று தேதியோடு எடுத்துக் கொடுப்பது அட்டவணையே.

ஆகையால் மழையின் கூட்டுத்தொகையைக் காட்டும் ஒவ்வொரு வரைபடத்தின் அருகிலும், விடுபட்ட நாள்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு சிறு கட்டம் இருத்தல் நலம். நாட்காட்டியிலுள்ள நாள்களின் எண்ணிக்கையிலிருந்து பதிவுள்ள நாள்களின் எண்ணிக்கையைக் கழித்தால் அது கிடைக்கும். இதை நிலையம் நிலையமாகக் கணக்கிட வேண்டும். மாவட்டம் முழுமைக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு நிலையத்தின் பதிவு மற்றொன்றின் வெற்றிடத்தை மறைத்துவிடும். நாட்காட்டி ஆண்டின் இறுதி வரை செல்வதால், இன்னும் வராத நாள்களும் விடுபட்டவையாக எண்ணப்படும். எனவே கணக்கைக் கடைசியாகப் பதிவு வரவேண்டிய தேதியோடு நிறுத்துக. வரைபடத்தின் அடிக்கோட்டில் மழைப் பதிவின் தேதியை இடாமல் நாட்காட்டியின் தேதியையே இடுவதும், பதிவு இல்லாத இனங்களையும் காட்டும்படி மென்பொருளில் உள்ள தெரிவைக் குறிப்பதும் அவசியம்.

இங்கே களப்பணியாளர் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். மழை பெய்யாத நாளில் 0.0 என்று எழுதினால்தான் வெற்றிடத்திற்குப் பொருள் உண்டாகும். மழை பெய்த நாளை மட்டும் எழுதும் பழக்கம் உள்ள இடத்தில், வெற்றிடம் வறண்ட நாளா கவனிக்காத நாளா என்பதை எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க இயலாது.

அட்டவணையை அமைக்கும் முறை கடினமன்று. பவர் பிஐயில் காலண்டர் என்னும் கட்டளைக்குத் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் கொடுத்தால் இடைப்பட்ட தேதிகள் யாவும் வரிசையாக எழுதப்படும். காலண்டர்ஆட்டோ என்னும் கட்டளை, ஏற்றிய பதிவுகளிலுள்ள தேதிகளைத் தானே பார்த்து எல்லைகளை வகுக்கும். அதற்கு 3 என்னும் எண்ணைக் கொடுத்தால் மார்ச்சில் முடியும் முழு நிதியாண்டுகளாக அமைக்கும். பின்னர் அதைத் தேதி அட்டவணை என்று மென்பொருளில் குறித்துவிட வேண்டும். தேதிப் பத்தியில் வெற்றிடமோ, இருமுறை வந்த தேதியோ, இடையில் விடுபட்ட தேதியோ இருந்தால் மென்பொருள் ஏற்காது. தேதிப் பத்தி ஒவ்வொன்றுக்கும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான மறைவான நாட்காட்டி ஒன்றைத் தானாக அமைத்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. நம் பணிக்கு அது உதவாது. அதை நிறுத்தி வைப்பதே நல்லது.

தொடர்பு ஏற்படுத்தியும் மழையளவு எதுவும் தோன்றவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் நேரமாகவே இருக்கும். பதிவில் தேதியோடு காலை 8.30 என்னும் நேரமும் சேர்ந்திருந்தால், நள்ளிரவு என்று கொள்ளப்படும் நாட்காட்டித் தேதியோடு அது பொருந்தாது. தேதியை மட்டும் பிரித்து வேறு பத்தியில் வைக்க வேண்டும். மற்றொரு தொல்லை, தேதியை எழுதும் முறையில் வருவது. 4/6 என்று நாம் எழுதும் ஜூன் 4-ஆம் தேதியை, அமெரிக்க முறையில் அமைந்த கணிப்பொறி ஏப்ரல் 6 என்று படிக்கும். 13-ஆம் தேதி முதல் அவ்வாறு படிக்க வழியில்லாததால் அவை தேதியாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். கோடைக்காலத்தில் எதிர்பாராத மழையும், ஜூன் முதல் பன்னிரண்டு நாள்களில் பெருத்த வெற்றிடமும் சேர்ந்து காணப்பட்டால் இதைச் சந்தேகிக்கலாம். பழைய பதிவேடுகளை ஏற்றுவோர் எக்செல் தாள் 1900-ஆம் ஆண்டிற்கு முந்தைய தேதிகளைத் தேதியாகவே ஏற்பதில்லை என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி அட்டவணையின் மற்றப் பத்திகளைக் கவனிப்போம். ஆண்டு என்பது நம் நாட்டில் ஒன்றன்று. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வேளாண்மை ஆண்டு ஜூலையில். சர்க்கரை ஆண்டு அக்டோபரில். வானிலைத் துறையோ ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறது: ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம், மார்ச்சு முதல் மே வரை பருவக்காற்றுக்கு முந்தைய காலம், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதற்குப் பிந்தைய காலம். தமிழ்நாட்டின் கரையோரத்திற்கு இந்தக் கடைசிப் பருவமே முக்கிய மழைக்காலம். ஒவ்வொரு வரைபடத்திலும் இவற்றைத் தனித்தனியே சூத்திரமாக எழுதினால், ஓரிடத்தில் செப்டம்பர் சேரும், மற்றோரிடத்தில் விடுபடும். ஒரே அலுவலகத்திலிருந்து ஒரே பருவத்திற்கு இரண்டு எண்கள் வெளிவரும். நாட்காட்டி அட்டவணையில் பருவம் என்னும் பத்தியை ஒருமுறை எழுதி வைத்தால் எல்லா வரைபடங்களும் அதனையே பின்பற்றும். ஆண்டு எல்லையைத் தாண்டிச் செல்லும் ரபிப் பருவத்திற்கு இது இன்றியமையாதது. டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும் ஒரே பெயரை, உதாரணமாக ரபி 2023-24 என்று, எழுதிவிட்டால் பருவம் இரண்டாகப் பிளவுபடாது.

வாரத்தைப் பற்றிய குழப்பம் இதைவிடப் பெரிது. வேளாண் வானிலையில் வழங்கும் நிலைவாரங்கள் ஆண்டுக்கு 52. முதல் வாரம் எந்தக் கிழமையாயினும் ஜனவரி 1 முதல் 7 வரை. டிசம்பர் 24 முதல் 31 வரையுள்ள கடைசி வாரத்திற்கு எட்டு நாள்கள். லீப் ஆண்டில் பிப்ரவரி 26-இல் தொடங்கும் 9-ஆம் வாரத்திற்கும் எட்டு நாள்கள். இதனால் ஜூன் 4-ஆம் தேதி எல்லா ஆண்டுகளிலும் 23-ஆம் வாரத்தின் முதல் நாளாகவே இருக்கிறது. பல ஆண்டுகளின் விதைப்பு வாரத்தை ஒப்பிடுவதற்கு இதனினும் வசதியான முறை வேறில்லை. வானிலைத் துறையின் வாராந்திர மழை அறிக்கையில் வாரம் வியாழனில் தொடங்கிப் புதனில் முடியும். மென்பொருளின் வார எண் கட்டளையோ, வேறு விதமாகக் கேட்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும் வாரத்தைத் தரும். இம்மூன்றும் ஒரே எண்ணைத் தாங்கி வரும்போது ஏமாறாதிருப்பது அரிது. நிலைவாரத்திற்கு ஒரு பத்தி, அறிக்கை வாரத்திற்கு ஒரு பத்தி எனப் பெயரிட்டுப் பிரித்து வைப்பதே தக்கது. நிலைவார எண்ணைக் கட்டளையால் பெற முயல்வதைவிட 366 தேதிகளுக்கும் கையால் ஒருமுறை எழுதிச் சரிபார்த்துக்கொள்வது எளிது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மாதப் பெயர்களுக்கு அருகில் மாத எண்ணையும் ஒரு பத்தியாக எழுதி, பெயரை அந்த எண்ணின்படி வரிசைப்படுத்தும்படி குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதங்கள் அகர வரிசையில் நின்று, அக்டோபர், ஆகஸ்டு, ஏப்ரல் என்று வரைபடம் தொடங்கும்.

ஆசிரியர்கள் இவ்வட்டவணையில் சக ஆண்டுத் தேதியையும் சேர்க்கலாம். மேகநாத சாகா அவர்களின் தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி, 1957 மார்ச்சு 22 முதல், சக ஆண்டு 1879 சைத்திரம் 1 என்று தேசிய நாட்காட்டி வழக்கிற்கு வந்தது. சைத்திரத்திற்குச் சாதாரணமாக 30 நாள்கள். அடுத்த ஐந்து மாதங்களுக்கு 31. எஞ்சிய ஆறு மாதங்களுக்கு 30. லீப் ஆண்டில் சைத்திரம் மார்ச்சு 21-இலேயே தொடங்கி 31 நாள்களைப் பெறும். விதி இவ்வளவு ஒழுங்காக இருப்பதால் மாணவர்களே இப்பத்தியை நிரப்பிவிடலாம். 2023-இல் சைத்திரம் 1 மார்ச்சு 22-இலும், 2024-இல் மார்ச்சு 21-இலும் வருகிறதா என்று பார்த்தால் அவர்கள் வேலை சரியா என்பது தெரியும்.

அட்டவணை முழுவதையும் சோதிக்க வேறொரு கணக்கு உண்டு. ரபிப் பருவத்தை அக்டோபர் 1 முதல் மார்ச்சு 31 வரை என்று கொண்டு, ஒவ்வோர் ஆண்டிற்கும் அப்பெயர் தாங்கிய வரிசைகளை எண்ணச் சொல்லுக. ரபி 2022-23-க்கு 182 வரிசைகளும், ரபி 2023-24-க்கு 183 வரிசைகளும் வருதல் வேண்டும். இரண்டிற்கும் 182 வந்தால், 2024 பிப்ரவரி 29 எங்கே போயிற்று என்று தேடத் தொடங்கலாம்.